மீதிப் பத்து சதவீதம் யார்?

“மாத்திரைதான் வந்துவிட்டதே, இன்னும் எதற்கு நுரையீரலுக்குள் வைரஸை விட்டுக்கொண்டு?” என்று மருத்துவ நண்பர் ஒருவர் கேட்டார். பேச்சு சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோய்க்கான மரபணு சிகிச்சை பற்றியது; பழுதான மரபணுவுக்கு மாற்றாக நல்லதை வைரஸில் ஏற்றி நுரையீரலுக்குள் அனுப்பிப் பார்க்கும் முயற்சி. கேள்வி நியாயமானதுதான். 1993-ல் தொடங்கி முப்பது ஆண்டுகளுக்கு மேல் முயன்றும் இந்த நோய்க்கு ஒரு மரபணு சிகிச்சைகூட ஒப்புதல் பெறவில்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு அடியில் ஒரு கணக்கு இருக்கிறது. அது தப்புக் கணக்கு என்று நினைக்கிறேன். அதைச் சொல்லத்தான் இந்த நீளப் பதிவு.

நோயைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: மூச்சுக்குழாய்ச் செல்களின் மேற்பரப்பில் சிஎஃப்டிஆர் என்றொரு புரதம் இருக்கிறது. குளோரைடு வெளியே போக வழிவிடுவது அதன் வேலை. உப்பு போனால்தான் பின்னாலேயே தண்ணீர் போகும், தண்ணீர் இருந்தால்தான் சளி இளகி நகரும். இந்தப் புரதத்துக்கான மரபணு தாய், தந்தை இருவர் வழியிலும் பழுதாக வந்துவிட்டால் சளி கெட்டியாகித் தங்கிவிடும், அதில் கிருமிகள் குடியேறும், நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாக வீணாகும். கணையமும் கெடும். வியர்வையில் உப்பு கூடுதலாக இருக்கும். குழந்தைக்கு முத்தம் கொடுத்தால் உப்புக் கரிக்கிறது என்று அம்மாக்கள் சொல்வது உண்மையிலேயே இந்த நோயின் அடையாளம்.

1989-ல் டொராண்டோவிலும் மிச்சிகனிலும் இருந்த குழுக்கள் (லாப்-சீ சூய், ஜாக் ரியோர்டன், ஃபிரான்சிஸ் காலின்ஸ்) அந்த மரபணுவைக் கண்டுபிடித்தன. அடுத்த ஆண்டே, ஆய்வகத்தில் வளர்த்த நோயாளிச் செல்களுக்குள் வைரஸ் வழியாக நல்ல மரபணுவை அனுப்பிக் குளோரைடு ஓட்டத்தைச் சரிசெய்து காட்டினார்கள். 1992-ல் இன்னொரு நல்ல செய்தி: எல்லாச் செல்களையும் திருத்த வேண்டியதில்லை, நூற்றில் ஆறிலிருந்து பத்து செல்கள் சரியானாலே அந்தப் பரப்பு முழுக்கக் குளோரைடு ஓட்டம் மீள்கிறது. நுரையீரல் வேறு வெளிக்காற்றுக்குத் திறந்த உறுப்பு. அறுவை வேண்டாம், நெபுலைசரில் போட்டு இழுத்தால் போதும். இதைவிடச் சுலபமான இலக்கு எங்கே கிடைக்கும் என்றுதான் அன்று எல்லோருக்கும் தோன்றியது.

முதலில் எடுத்த வெக்டர் (மரபணுவைச் செல்லுக்குள் சுமந்து போகும் வண்டி) அடினோ வைரஸ். சளி, காய்ச்சல் தருகிற, மூச்சுக்குழாயைத் தாக்கிப் பழகிய வைரஸ். அதன் பெருகும் திறனை வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் சிஎஃப்டிஆர் மரபணுவை ஏற்றினார்கள். 1993 ஏப்ரலில் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் ரொனால்டு கிறிஸ்டலின் குழு முதல் நோயாளிக்குக் கொடுத்தது. அதிக அளவு வாங்கிய ஒருவருக்கு நுரையீரலில் அழற்சி வந்து பிறகு சரியானது. மூக்குக்குள் மட்டும் கொடுத்துப் பார்த்த சோதனையின் முடிவு 1995-ல் வெளியானது, இன்னும் ஏமாற்றம். குளோரைடு ஓட்டம் அசையவே இல்லை, அளவைக் கூட்டினால் மூக்கு வீங்கியது.

ஏன் என்பது சில வருடம் கழித்துத்தான் புரிந்தது. அடினோ வைரஸ் பற்றிக்கொண்டு உள்ளே நுழையும் ஏற்பிகள் மூச்சுக்குழாய்ச் செல்லின் காற்றுப் பக்கத்தில் இல்லை. அடிப்பக்கத்தில், செல்களுக்கு இடையிலான இறுக்கமான இணைப்புகளுக்குக் கீழே ஒளிந்திருக்கின்றன. வாசலில் நின்று தட்டிக்கொண்டிருக்கிறோம், கைப்பிடி இருப்பதோ கொல்லைப்புறக் கதவில். அப்படியானால் நிஜ வைரஸ் எப்படி நம்மைப் பிடிக்கிறது? ஏதோ ஒரு சின்னக் காயம் வழியாக ஒன்றிரண்டு நுழைந்தால் போதும், உள்ளே போய்ப் பல்கிவிடும். வெக்டரால் பல்க முடியாது. அந்தத் திறனை நாம்தானே எடுத்துவிட்டோம்! பாதுகாப்புக்காகச் செய்ததே அதன் கையைக் கட்டிப்போட்டது.

அப்புறம் எதிர்ப்பு சக்தி. மூச்சுக்குழாய்ச் செல்கள் சில மாதங்களில் உதிர்ந்து புதிதாக முளைப்பவை. ஆகவே ஒருமுறை கொடுத்துவிட்டு விட முடியாது, திரும்பத் திரும்பக் கொடுக்க வேண்டும். கிறிஸ்டலின் குழு 1999-ல் வெளியிட்ட ஆய்வில், முதல் தவணைக்குப் பிறகு புதிய மரபணு வேலை செய்தது, இரண்டாவதில் குறைந்தது, மூன்றாவதில் ஒன்றுமே இல்லை. உடம்பு அந்த வைரஸை அடையாளம் கண்டுகொண்டுவிட்டது.

இது நமக்கெல்லாம் நேரடியாகத் தெரிந்த விஷயம்தான். நம்மில் பெரும்பாலோர் கைகளில் போட்டுக்கொண்ட கோவிஷீல்டு, சிம்பன்சியின் அடினோ வைரஸை வெக்டராகக் கொண்டது. ஸ்புட்னிக் தடுப்பூசியில் முதல் தவணைக்கு ஒரு அடினோ வைரஸ், இரண்டாவதற்கு வேறொன்று. முதல் ஊசியால் உருவாகும் எதிர்ப்பு இரண்டாவதைக் கெடுக்கக் கூடாது என்பதே காரணம். நோய் எதிர்ப்பைத் தட்டி எழுப்புவதில் அடினோ வைரஸ் கெட்டிக்காரன். மரபணு சிகிச்சையில் அதைத் தோற்கடித்த குணம்தான் தடுப்பூசியில் அதை ஜெயிக்க வைத்தது. தொண்ணூறுகளில் செலவழித்த பணம் வீண் என்று சொல்பவர்கள் இதைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

1999 செப்டம்பரில் பென்சில்வேனியா பல்கலைக்கழகச் சோதனையில் ஜெஸ்ஸி கெல்சிங்கர் என்ற 18 வயது இளைஞர் இறந்தார். அது கல்லீரல் தொடர்பான வேறொரு நோய், ரத்தக்குழாய் வழியாகக் கொடுத்த அடினோ வைரஸ். ஆனாலும் அந்த மரணம் மரபணு சிகிச்சைத் துறை முழுவதையும் உறைய வைத்தது. உறைந்தது சரிதான். சோதனையில் சேர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதை முழுதாகச் சொல்லவில்லை என்பது விசாரணையில் வெளிவந்தது.

அடுத்து வந்தது ஏஏவி (அடினோ-அசோசியேட்டட் வைரஸ்; பெயரில் அடினோ இருந்தாலும் இது வேறு வைரஸ்). நோய் எதுவும் தராத, சின்ன, சாதுவான வைரஸ். சிக்கல் அதன் சின்ன உடம்பில்தான். அதில் ஏற்ற முடிந்தது சுமார் 4,700 டிஎன்ஏ எழுத்துகள், சிஎஃப்டிஆர் மரபணுவின் குறியீடு மட்டுமே சுமார் 4,440. மரபணுவை இயக்கும் விசைக்கு இடமே மிச்சமில்லை. வைரஸின் இரு முனைகளில் இருக்கும் துண்டையே விசையாக வைத்துச் சமாளித்தார்கள். பாதுகாப்பாக இருந்தது, பலன் இல்லை. 102 பேர் பங்கேற்ற சோதனையின் முடிவு 2007-ல் வந்தது. மூச்சளவில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் எதுவும் இல்லை.

பிரிட்டனில் எரிக் ஆல்டன் தலைமையில் லண்டன், ஆக்ஸ்ஃபோர்டு, எடின்பரோ குழுக்கள் சேர்ந்து செய்த வேலை எனக்கு மிகவும் பிடிக்கும். வைரஸையே விட்டுவிட்டு, கொழுப்புக் குமிழிகளில் மரபணுவை வைத்து மாதம் ஒருமுறை வீதம் ஒரு வருடம் நெபுலைசரில் கொடுத்தார்கள். 2015-ல் முடிவு: மருந்து எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் மூச்சளவில் 3.7 சதவீதம் வித்தியாசம். ரொம்பச் சின்னது. ஆனால் திரும்பத் திரும்ப மரபணுவைக் கொடுத்து நுரையீரல் சரிவை நிறுத்த முடியும் என்று முதல்முறையாக எண்களில் காட்டியது அதுதான். அதோடு நில்லாமல், இது போதாது என்று அவர்களே சொல்லிவிட்டு மறுபடி வைரஸுக்குத் திரும்பினார்கள். இந்த முறை லென்டி வைரஸ். குரங்குகளைத் தாக்கும், எச்ஐவியின் உறவுக்கார வைரஸ் ஒன்றை எடுத்து, அதன் மேலுறையைக் கழற்றி, சென்டாய் என்ற எலி வைரஸின் மேலுறைப் புரதங்களை மாட்டினார்கள். சென்டாய் வைரஸுக்குக் காற்றுப் பக்கத்திலிருந்தே செல்லுக்குள் நுழையத் தெரியும். பெயர் ஜப்பானிய நகரம் ஒன்றிலிருந்து வந்தது.

போரிங்கர் இங்கல்ஹைம் நிறுவனத்தோடு சேர்ந்து அந்த வெக்டரை இப்போது மனிதர்களிடம் சோதிக்கத் தொடங்கிவிட்டார்கள். 4டி மாலிக்யுலர் என்ற நிறுவனம், மாற்றி வடிவமைத்த ஏஏவியில் சுருக்கிய சிஎஃப்டிஆரை வைத்துப் பார்க்கிறது. கிறிஸ்டல் பயோடெக் என்பது, உதட்டில் கொப்புளம் தரும் ஹெர்பெஸ் வைரஸை வைத்து வேலை செய்யும் நிறுவனம். அந்த வைரஸில் பெரிய மரபணுவும் தாராளமாக அடங்கும், திரும்பத் திரும்பவும் கொடுக்கலாம். தோல் நோய் ஒன்றுக்கு இதே முறையில் செய்த களிம்புக்கு 2023-ல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்துவிட்டது. (நிறுவனத்துக்கும் மேலே சொன்ன ரொனால்டு கிறிஸ்டலுக்கும் சம்பந்தமில்லை, ஆங்கில எழுத்தும் வேறு.)

என் கட்சி லென்டி வைரஸ்தான். அது செல்லின் மரபணுத் தொகுப்பிலேயே போய் ஒட்டிக்கொள்கிறது. மூச்சுக்குழாய்ச் சுவரின் அடியில் இருந்து புதிய செல்களை உருவாக்கும் அடிச்செல்களை அது எட்டிவிட்டால், உதிர்ந்து முளைக்கும் பிரச்சினையே தீர்ந்துவிடும். எட்டுமா என்பதுதான் கேள்வி. கண்ட இடத்தில் போய் ஒட்டினால் புற்றுநோய் வரலாம் என்ற பயமும் பொய்யில்லை. பாரிஸில் எதிர்ப்பு சக்தி இல்லாமல் பிறந்த குழந்தைகளுக்குக் கொடுத்த ரெட்ரோ வைரஸ் (லென்டியும் இந்தக் குடும்பம்தான்) சிகிச்சையில் சிலருக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது 2002-லிருந்து தெரியவந்தது. பல ஆண்டுகள் கண்காணித்தே ஆக வேண்டும்.

சரி, நண்பரின் மாத்திரைக்கு வருகிறேன். 2019 அக்டோபரில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற டிரைகாஃப்டா உண்மையிலேயே அற்புதம். நுரையீரல் மாற்றுக்குக் காத்திருந்தவர்கள் பட்டியலிலிருந்து வெளியே வந்தார்கள். ஆண்டுக்கு 3 லட்சம் டாலருக்கு மேல் விலை என்பது தனிக் கொடுமை. அந்த மாத்திரை பழுதான புரதத்தை மடித்துச் சீராக்கி வேலை வாங்குகிறது. முக்கியமாக எஃப்508டெல் என்ற ஒரு பிழையை மனதில் வைத்துச் செய்தது. புரதமே உருவாகாதவர்களுக்கு அதனால் பயன் இல்லை. “நோயாளிகளில் 90 சதவீதம் பேருக்குத் தீர்வு கிடைத்துவிட்டது, மீதி 10 சதவீதம்தான்” என்று எல்லாக் கட்டுரைகளிலும் எழுதுகிறார்கள்.

அந்த 90 வெள்ளைக்காரக் கணக்கு. ஐரோப்பிய வம்சாவளியினரிடம் எஃப்508டெல் மிக அதிகம். இந்திய நோயாளிகளிடம் நடந்த பெரும்பாலான ஆய்வுகளில் பழுதான மரபணுப் பிரதிகளில் பாதிகூட அந்தப் பிழை இல்லை, மீதி அரிய பிழைகள். அவற்றில் சிலவற்றுக்கும் மாத்திரை வேலை செய்யும், பட்டியல் நீண்டுகொண்டு போகிறது, மறுக்கவில்லை. ஆனாலும் மாத்திரைக்கு வெளியே நிற்பவர்களின் பங்கு நம் ஊரில் பத்தைவிடக் கணிசமாகப் பெரியது. எந்தப் பிழையாக இருந்தாலும் நல்ல மரபணுவை முழுதாகக் கொடுப்பது ஒன்றுதான் எல்லோருக்கும் பொதுவான வழி. சந்தை சிறுத்துவிட்டது என்று நிறுவனங்கள் பின்வாங்கினால் அந்த அடி முதலில் விழுவது நம் குழந்தைகள் மேல்.

இன்னொரு சங்கடமும் உண்டு. சோதனையில் சேரும் நோயாளிக்கு அந்த வெக்டருக்கு எதிரான எதிர்ப்பு உருவாகிவிடலாம். நாளைக்கு அதே வகையில் நல்ல வெக்டர் வந்தாலும் அவருக்கு அது கிடைக்காமல் போகலாம். மாத்திரை கிடைத்தவர் இந்த அபாயத்தை ஏன் எடுக்க வேண்டும்? ஆகவே சேரப்போவது மாத்திரை கிடைக்காதவர்கள்தான். சோதனைகளோ அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நடக்கின்றன.

நம்மிடம் திறமை இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். வேலூர் சிஎம்சியில் அலோக் ஸ்ரீவாஸ்தவா தலைமையிலான குழு, ஹீமோஃபிலியா ஏ (ரத்தம் சரியாக உறையாத பரம்பரை நோய்) நோயாளிகள் 5 பேரின் ரத்த ஸ்டெம் செல்களில் லென்டி வைரஸ் வழியாக மரபணுவை ஏற்றி, ரத்தக்கசிவை நிறுத்திக் காட்டியிருக்கிறது. உடம்புக்கு வெளியே செல்லை எடுத்துத் திருத்துவது வேறு, மூச்சுக்குழாயில் தூவுவது வேறு, தெரியும். ஆனாலும் வெக்டரைக் கையாளவும் நோயாளிகளைத் தொடர்ந்து கண்காணிக்கவும் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

இல்லாதது அதற்கு முந்தைய படி. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் வெள்ளைக்காரர் நோய் என்றே ரொம்ப நாள் பாடம் நடந்ததால், இங்கே எத்தனையோ குழந்தைகள் ஆஸ்துமா, காசநோய், சத்துக்குறைவு என்ற பெயர்களில் வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கண்டறிய வியர்வைப் பரிசோதனை போதும். லிட்டருக்கு 60 மில்லிமோலுக்கு மேல் குளோரைடு இருந்தால் நோய்தான் என்று கொள்ளலாம். நவீன வைராலஜி எதுவும் தேவையில்லாத இந்தப் பரிசோதனை பெரிய மருத்துவமனைகள் சிலவற்றைத் தாண்டிக் கிடைப்பதில்லை. அதை மாவட்டத் தலைமை மருத்துவமனை வரை கொண்டு வாருங்கள், உறுதியானவர்களின் மரபணுப் பிழையைப் படித்து ஒரு பதிவேட்டில் ஏற்றுங்கள். லென்டி வைரஸ் சோதனையின் அடுத்த கட்டத்துக்கு ஆள் தேடும்போது, அரிய பிழை உள்ளவர்கள் இத்தனை பேர் எங்களிடம் இருக்கிறார்கள் என்று காட்ட நம்மிடம் ஒரு பட்டியலாவது இருக்கட்டும்.