ரீசெட் பட்டனை அமுக்கினா சரியாயிடுமாம்

“ரீசெட் பட்டனை 30 விநாடி அமுக்கிப் பிடிங்க, ஒரிஜினலுக்கு வந்துடும்.” இனிமேல் இதை என் காதுபட யாராவது சொன்னால், ரூட்டரையும் ஒரு குண்டூசியையும் அவர் கையிலேயே கொடுத்துவிட்டு, “வந்ததும் எழுப்புங்க” என்று போர்த்திக்கொண்டு படுத்துவிடுவதாக இருக்கிறேன்.

வராது சார். எத்தனை யுகம் அமுக்கினாலும் வராது. ஃபர்ம்வேர் என்பது ரூட்டரை ஓட்டுகிற உள்மென்பொருள்; ஹேம் (அமெச்சூர்) ரேடியோக்காரர்கள் ரூட்டர்களை ஒன்றோடொன்று பின்னி நெட்வொர்க் ஆக்க ஏற்றுவது மெஷ் ஃபர்ம்வேர். அது ஏறிய ரூட்டரில் அந்தப் பட்டன் மெஷ் ஃபர்ம்வேர் சொல்வதைத்தான் கேட்கும். 5 விநாடி பிடித்தால் செட்டிங்ஸுக்குள் நுழைகிற பாஸ்வேர்டு பழையபடி ‘ஹெச்எஸ்எம்எம்’ ஆகும். 15 விநாடி பிடித்தால் நோடு பெயர் (மெஷ்ஷில் அந்த ரூட்டரின் பெயர்), கால்சைன் (ஹேமின் லைசென்ஸ் அடையாளம்) எல்லாம் அழிந்து, இன்றைக்குத்தான் மெஷ் ஏற்றியது மாதிரி புத்தம்புதிதாக எழுந்து நிற்கும். 30 விநாடி பிடித்தால் கட்டைவிரல் வீங்கும். கம்பெனியிலிருந்து வந்தபோது இருந்த ஃபர்ம்வேர் அந்த டப்பாவுக்குள் எந்த மூலையிலும் ஒளிந்துகொண்டு உங்கள் குண்டூசிக்காகக் காத்திருக்கவில்லை. ஃபர்ம்வேர் குடியிருக்கும் ஃப்ளாஷ் மெமரி மொத்தமே 4 எம்பி. வீட்டில் ஒருவர் காலை நீட்டிப் படுத்தால் இன்னொருவர் திண்ணைக்குப் போக வேண்டிய அளவு இடம்தான்.

இந்தத் தடவை ஆரம்பித்து வைத்தவர் ஹேம்ஃபெஸ்ட் என்கிற ஹேம்களின் சந்தையில் ஒரு வியாபாரி. டெக்சாஸ் வெயிலில் மேசை போட்டு, அட்டைப்பெட்டி நிறைய டபிள்யூஆர்டி54ஜிஎல் என்ற பழைய லிங்க்சிஸ் ரூட்டர்களை அடுக்கி வைத்திருந்தார். எல்லாமே ஒரிஜினல் நிலையில் இருக்கிறது என்று சத்தியம் செய்யாத குறை. ஒரிஜினலாம்! வீட்டுக்கு வந்து கரண்ட் கொடுத்தால், அவருடைய கால்சைனையே பெயராகச் சூட்டிக்கொண்டு, சுற்றுவட்டாரத்தில் சொந்தக்கார நோடு ஏதாவது இருக்கிறதா என்று வானத்தைப் பார்த்துக் கூவுகிறது. செட்டிங்ஸ் பாஸ்வேர்டையும் மாற்றி வைத்திருக்கிறார், மகராசன்.

நமக்கென்றால் பரவாயில்லை, லைசென்ஸ் இருக்கிறது, மெஷ்ஷிலேயே ஒட்டிவிடலாம். ஆனால் இது பக்கத்து வீட்டுக்காரருக்காக வாங்கியது. கராஜில் கிடக்கும் அவருடைய பழைய பிரிண்டருக்கு 802.11ஜி என்ற பழைய வைஃபை தவிர வேறொன்றும் புரியாது. அதற்கு ஒரு சின்ன வைஃபை வேண்டும், அவ்வளவுதான். மெஷ்ஷோடு அப்படியே கொடுத்துவிட முடியுமா? அவரிடம் ஹேம் லைசென்ஸ் கிடையாது. வேறு எவரோ ஒருவருடைய கால்சைனை அவர் வீட்டுக் கராஜ் ராத்திரி பகலாக ஒலிபரப்பிக்கொண்டிருக்கும். அமெரிக்காவில் அமெச்சூர் ரேடியோவுக்கான எஃப்சிசி (தகவல்தொடர்பு ஆணையம்) விதிகளின் 97ஆம் பகுதியில், செய்தியின் பொருளை மறைக்கிற மாதிரி என்கிரிப்ஷன் கூடாது, சொந்த வியாபாரம் கூடாது. அதனால்தான் மெஷ் வைஃபைக்குப் பாஸ்வேர்டே கிடையாது. இந்த லட்சணத்தில் அவர் அதில் பேங்க் கணக்கைத் திறந்தால் எப்படி இருக்கும்? ஆக, ஒரிஜினல் ஃபர்ம்வேரைத் திரும்ப ஏற்றித்தான் ஆக வேண்டும்.

ஏற்றுவதற்கு இருக்கிற கொண்டாட்டம் இருக்கிறதே! 2002 டிசம்பரில் லிங்க்சிஸ் கம்பெனி அந்த நீலக்கறுப்பு டப்பாவின் முதல் வெர்ஷனை வெளியிட்டது. அடுத்த வருடமே உள்ளே ஓடுவது லினக்ஸ் என்று கண்டுபிடித்து, மூலநிரலை வெளியே வர வைத்தார்கள். 2005இல் ஐந்தாவது வெர்ஷனில் மெமரியைப் பாதியாகக் குறைத்து லினக்ஸை எடுத்துவிட்டார்கள். லினக்ஸ் கூட்டத்துக்கென்று தனியாக ஜிஎல் வந்தது. டெக்சாஸ் ஆஸ்டின் பக்கத்து ஹேம்கள் அதன் மேல் ஹெச்எஸ்எம்எம் மெஷ்ஷைக் கட்டினார்கள், பிறகு அதற்குப் பிராட்பேண்ட் ஹேம்நெட் என்று பெயரானது, 2015இல் அதிலிருந்து ஏஆர்இடிஎன் என்ற இன்னொரு திட்டம் பிரிந்தது. 2.4 கிகாஹெர்ட்ஸில் 2390 முதல் 2450 மெகாஹெர்ட்ஸ் வரை அமெரிக்க ஹேம்களுக்கும் உரிமை உண்டு. வைஃபையின் முதல் ஆறு சேனலும் அதற்குள் அடங்கிவிடும். அதனால் சந்தையில் சல்லிசாகக் கிடைத்த இந்த ரூட்டர்கள் புயல், வெள்ளம் என்றால் செல்போன் டவர் விழுந்த பிறகும் பேசிக்கொள்ளும் நெட்வொர்க் ஆயின. நல்ல வேலை. கையெடுத்துக் கும்பிடுகிறேன். மெஷ்ஷுக்குப் போகிற வழிக்குப் படம் போட்டு, அம்புக்குறி போட்டு, வீடியோ எடுத்து வைத்தீர்களே ஐயா, திரும்பி வருகிற வழிக்கு ஒரே ஒரு வரி: “டிஎஃப்டிபி மூலம் ஒரிஜினல் ஃபைலை அனுப்பவும்.” முடிந்தது. அனுப்பவுமாம். தபால் பெட்டியில் கடுதாசி போடுகிற மாதிரி.

டிஎஃப்டிபி என்பது நெட்வொர்க் வழியாக ஃபைல் அனுப்புகிற ஓர் எளிய முறை. அந்த ஒரு வரிக்குள் என்ன நடக்கிறது என்று நான் சொல்கிறேன்.

ரூட்டருக்குக் கரண்ட் வந்ததும் முதலில் எழுந்திருப்பது சிஎஃப்இ என்கிற குட்டி பூட்லோடர், அதாவது ஃபர்ம்வேரை எழுப்பிவிடுகிற நிரல். அது 192.168.1.1 என்ற முகவரியில் கண் விழித்து, யாராவது புது ஃபர்ம்வேர் தருகிறார்களா என்று எட்டிப் பார்க்கும். அதுவும் செட்டிங்ஸைச் சேமித்து வைக்கும் என்விராமில் பூட் வெயிட் என்ற ஒன்று ‘ஆன்’ என்று இருந்தால்தான். எவ்வளவு நேரம் பார்க்கும்? நாலைந்து விநாடி. ஸ்டாப்பில் நிற்காமல் மெதுவாக உருண்டபடியே போகிற டவுன் பஸ் மாதிரி. ஏறினால் ஏறு, இல்லையென்றால் போ. அதன் பிறகு மெஷ் எழுந்து உட்கார்ந்துவிடும், அதற்கு முகவரியே வேறு.

சரி, லேப்டாப்புக்கு 192.168.1.10 என்று நிலையான முகவரி கொடுத்தாயிற்று. வைஃபையை அணைத்தாயிற்று. அணைக்காவிட்டால் வீட்டில் ஏற்கெனவே ஓடுகிற ரூட்டர் “192.168.1.1ஆ? நான்தானே!” என்று பிங்குக்கு (‘இருக்கிறாயா’ என்று கேட்கும் கமாண்டு) பதில் சொல்லி நம்மைச் சந்தோஷப்படுத்தும். ஃபயர்வாலையும் நிறுத்தியாயிற்று. டிஎஃப்டிபியே லேப்டாப்பில் முடக்கி வைக்கப்பட்டிருந்தது, அதையும் செட்டிங்ஸின் அடிவயிற்றில் தேடிப் பிடித்து உயிர்ப்பித்தாயிற்று. பைனரி மோடு. கமாண்டு அடித்துத் தயார். வலது கை விரல் என்டர் மேல். இடது கையில் பவர் ஒயர். மூச்சைப் பிடித்துக்கொண்டு செருகுகிறேன்.

இப்போது பாருங்கள் கூத்தை. ரூட்டரில் கரண்ட் இல்லாத நேரத்தில் கேபிளின் அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை என்று லேப்டாப் முடிவு செய்து, நான் கொடுத்த முகவரியையே மடக்கி உள்ளே வைத்துவிட்டிருக்கிறது. கரண்ட் வந்ததும், “அடடே, யாரோ வந்திருக்கிறார்களே” என்று சாவகாசமாக எழுந்திருக்கிறது. இணைப்பு வேகம் எவ்வளவு என்று இரண்டு பேரும் பேசி முடிவு செய்ய வேண்டும். ஒரு விநாடி. அப்புறம், இந்த முகவரியை வேறு யாராவது வைத்திருக்கிறார்களா என்று தெரு முழுக்க விசாரிக்கிறது. அந்தத் தெருவில் இருப்பதே இரண்டு பேர்தான்! ஒரு கேபிள், இரண்டு முனை. யாரைக் கேட்கிறாய்? இன்னும் இரண்டு விநாடி. நான் என்டரைத் தட்டியது என்றைக்கோ நடந்த சங்கதி ஆகிவிட்டது. ரூட்டரில் டிஎம்இசட் விளக்கு எரிகிறது. அது எரிந்தால் உள்ளே லினக்ஸ் கிளம்பிவிட்டது என்று அர்த்தம். பஸ் போய்விட்டது. அப்போது லேப்டாப் மூலையில் ஒரு சின்னப் பெட்டி வருகிறது: நெட்வொர்க் இணைக்கப்பட்டதாம். ரொம்ப சந்தோஷம். திரையில் “டைம் அவுட்”.

மறுபடியும் பிடுங்கு, மறுபடியும் செருகு. கொஞ்சம் முன்னால் தட்டினால் அனுப்ப இடமில்லை என்கிறது, கொஞ்சம் பின்னால் தட்டினால் கேட்பதற்கு ஆளில்லை. பக்கத்து ஜன்னலில் பிங்கை ஓடவிட்டால் ஒரு நல்ல தகவல் வரும்: பதிலில் டிடிஎல் என்ற எண் 100 என்று வந்தால் சிஎஃப்இ விழித்திருக்கிறது, இப்போதே அனுப்பு என்று பொருள். 64 என்று வந்தாலோ பதிலே நின்றுபோனாலோ உள்ளே லினக்ஸ் வந்துவிட்டது, போய் டீ குடி என்று பொருள். அந்த 100 வருகிறதா? வரும். ஒரே ஒரு வரி வரும். அதைப் படித்து முடிப்பதற்குள் அது மேலே போய்விடும். நடுராத்திரியில் அதை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது மனைவி எட்டிப் பார்த்தார்: “ஏங்க, புதுசு ஒண்ணு வாங்கினா என்ன விலை?” நியாயமான கேள்வி. பதில் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

வெளியே இருந்து வேண்டாம், உள்ளே இருந்தே எழுதலாம் என்று இன்னொரு வழி இருக்கிறது. 2222ஆம் போர்ட் என்ற நெட்வொர்க் வாசல் வழியாக ரூட்டருக்குள்ளே போய், ஃப்ளாஷில் எழுதுகிற எம்டிடி கமாண்டால் எழுதுவது. அதற்குக் கம்பெனி தருகிற பிஐஎன் ஃபைல் ஆகாது, தலையில் இருக்கிற 32 பைட்டை வெட்டி டிஆர்எக்ஸ் என்ற வடிவத்துக்கு மாற்ற வேண்டும். டிஎஃப்டிபிக்கோ அந்தத் தலை கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் ‘கோடு பேட்டர்ன் தப்பு’ என்று திருப்பி அனுப்பிவிடும். ஒரே வேலை, ஒரே டப்பா, ஒரு வாசலுக்குத் தலையோடு வா, இன்னொரு வாசலுக்குத் தலையில்லாமல் வா. வெட்டிக் கொடுத்தேன். 16 எம்பி ராமில் மெஷ் ஓடியது போக மிச்சம் எவ்வளவு இருக்கும்? ஃபைல் முழுதாக வந்து சேர்வதற்குள் மூச்சு முட்டி, தானே ரீபூட் ஆகி, மறுபடி அந்த மகராசனின் கால்சைனோடு எழுந்து நின்றது.

இதில் வயிற்றெரிச்சல் என்ன தெரியுமா? அப்போது பாதி எழுதிக் கெட்டுப்போயிருந்தால் எனக்கு நல்லது. ஃபர்ம்வேர் கெட்டுப்போயிருந்தால் சிஎஃப்இ கணக்குப் பார்த்து, சரியில்லை என்று தெரிந்துகொண்டு, பவர் விளக்கைச் சிமிட்டியபடி ஃபைலுக்காக நாள் முழுக்கக் காத்திருக்கும். ஒழுங்காக வேலை செய்கிற ரூட்டருக்கு நாலு விநாடி, உருப்படாத ரூட்டருக்கு ஆயுசு முழுக்கப் பொறுமை. இந்த ரகசியம் தெரிந்த சில புண்ணியவான்கள், டப்பாவைத் திறந்து ஃப்ளாஷ் சிப்பின் 15, 16 ஆவது கால்களை ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒட்டவைத்துக்கொண்டே கரண்ட் கொடுக்கச் சொல்கிறார்கள். அப்படிச் செய்தால் சிஎஃப்இ படிப்பது தப்பாகி, கெட்டுப்போய்விட்டது என்று நம்பி உட்கார்ந்துவிடுமாம். நல்லா இருக்கிற ஒன்றைத் திருத்துவதற்கு முதலில் அதற்குப் பைத்தியம் பிடிக்க வைக்க வேண்டும்.

யூபிக்விட்டி என்ற இன்னொரு கம்பெனிக் கருவியில் மெஷ் வைத்திருக்கிற நண்பர்கள் இதைப் படித்துவிட்டுச் சிரிப்பது கேட்கிறது. உங்களுக்கென்ன. பட்டனை அமுக்கிக்கொண்டு கரண்ட் கொடுத்தால் விளக்குகள் மாற்றி மாற்றி எரியும், 192.168.1.20 என்ற முகவரியில் அது பாட்டுக்குக் காத்திருக்கும். உங்கள் கருவி எந்த ரகம், எக்ஸ்எம்மா எக்ஸ்டபிள்யூவா என்று தெரியாமல் நீங்கள் தப்பான ஃபைலை எடுத்து முழிக்கும்போது நானும் சிரித்துக்கொள்கிறேன்.

ரேடியோவில் ஒரு பெரியவரிடம் புலம்பினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். அப்புறம், 30-30-30 செய்து பார், ஓஎம் (ஹேம்கள் ஒருவரையொருவர் கூப்பிடுவது அப்படித்தான்) என்றார். 30 விநாடி அமுக்கு, அமுக்கியபடியே கரண்டை எடுத்து 30 விநாடி, அமுக்கியபடியே கரண்டைக் கொடுத்து 30 விநாடி. இத்தனை நேரம் நான் சொன்னதில் ஒரு சொல்லாவது காதில் ஏறியதா என்று தெரியவில்லை. 73 என்று ஹேம் பாஷையில் வாழ்த்துச் சொல்லி விடைபெற்று மைக்கை வைத்துவிட்டேன்.

கடைசியில் காரியம் ஆனது எதனால் என்கிறீர்கள்? நடுவில் ஒரு சாதாரண ஸ்விட்ச். லேப்டாப்பை ஸ்விட்சில் மாட்டி, ஸ்விட்சிலிருந்து ரூட்டருக்கு இன்னொரு கேபிள். ரூட்டரில் கரண்ட் போனாலும் வந்தாலும் லேப்டாப்புக்கு எதிரே ஸ்விட்ச் எப்போதும் உயிரோடு நிற்பதால், முகவரியை மடக்கி வைக்கிற சேட்டை இல்லை. செருகினேன், தட்டினேன், போய்விட்டது. இந்த ஒரு வரியை அந்த வழிகாட்டிகளில் கொட்டை எழுத்தில் முதல் வரியாகப் போட்டால் யார் சொத்து குறைந்துவிடும்? எங்கேயோ அடிக்குறிப்புக்கும் கீழே, “சிலருக்கு ஸ்விட்ச் உதவியதாகத் தெரிகிறது.” சிலருக்காம். தெரிகிறதாம்.

ஒரிஜினல் ஃபர்ம்வேர் 4.30.18 ஏறி, கம்பெனியின் நீலப் பக்கம் திரையில் வந்தது. பார்த்துக் கண் கலங்காத குறை. ஆனால் என்விராமில் பழைய மெஷ்ஷின் மிச்சசொச்சம் கிடக்கும், அதை அழித்துவிட வேண்டும் என்றது அதே வழிகாட்டி. எப்படி அழிப்பது? ரீசெட் பட்டனை 30 விநாடி அமுக்கிப் பிடிக்கவும்.

சிரித்தேன். வேறென்ன செய்ய. ராத்திரி ஒரு மணிக்குக் குண்டூசியைப் பிடித்துக்கொண்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே சிரித்ததில் வீட்டில் எல்லாரும் எழுந்துவிட்டார்கள்.

இன்னும் ஒன்று பாக்கி. டப்பாவின் நெற்றியில் அந்த வியாபாரி தன் கால்சைனை ஸ்டிக்கர் அடித்து ஒட்டியிருக்கிறார். உரித்தால் மேல்தாள் மட்டும் வருகிறது, அடித்தாளும் பசையும் அங்கேயே தங்கிவிடுகிறது. தேங்காய் எண்ணெய் தடவினேன், ஹேர் டிரையர் காட்டினேன், கறுத்துப் பிசுபிசுவென்று அப்பிக்கொண்டதுதான் மிச்சம். இந்தப் பசையைக் கண்டுபிடித்தவர் யாரோ, அவரேதான் எவர்சில்வர் பாத்திரத்துக்கும் சப்ளை செய்கிறார் என்று நினைக்கிறேன். விலைச்சீட்டை அடியில் ஒட்டினால் என்ன ஐயா? சாப்பிடுகிற தட்டு, அதன் நட்ட நடுவில், சோறு போடுகிற இடத்தில் கொண்டுபோய் ஒட்டுகிறார்கள்! சுரண்டினால் கீறல், சுரண்டாவிட்டால் கோந்து. போன தீபாவளிக்கு ஊரிலிருந்து வந்த டம்ளர் செட்டில் இன்னும் பாதி பார்கோடு அப்படியே இருக்கிறது, நாங்கள் அதில்தான் காபி குடித்துக்கொண்டிருக்கிறோம்.