நெருஞ்சி என்று நினைத்துப் பிடுங்கிய செடி

சொனோரன் பாலைவனத்தில், அரிசோனாவின் டூசான் நகரில் தோட்டம் போட்ட முதல் ஆண்டில் நான் செய்த தவறு இன்னும் உறுத்துகிறது. ஜூலையில் முதல் நல்ல மழை பெய்த சில நாட்களில், வேலியோரத்து வெற்று மண்ணில் எதிரெதிராகச் சிற்றிலைகள் அடுக்கிய செடிகள் தரையோடு படரத் தொடங்கின. நெருஞ்சிதான், முள் வைப்பதற்குள் ஒழித்துவிட வேண்டும் என்று அத்தனையையும் பிடுங்கி எறிந்தேன். கண்ணில் படாமல் தப்பிய ஒரே ஒரு செடி ஆகஸ்டில் பூத்தது. ஐந்து இதழ்கள், உள்ளங்கையில் பாதியை மறைக்கும் அகலம், அடியில் சிவப்பேறிய ஆரஞ்சு நிறம். நெருஞ்சியின் குடும்பமேயானாலும் அது இந்த மண்ணுக்கே உரிய கால்ஸ்ட்ரோமியா. இங்கே ‘அரிசோனா பாப்பி’ என்பார்கள். பாப்பிக்கும் அதற்கும் உறவே இல்லை. உண்மையான நெருஞ்சிதான் இங்கே வெளியிலிருந்து வந்த களை.

மழைக்காலத் தோட்டம் என்றதும் எந்தச் செடியை வாங்கலாம் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். மண்ணுக்குள் ஏற்கெனவே எது காத்திருக்கிறது என்று கேட்பவர் அரிது. இங்கே ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை பருவமழைக் காலம் என்பது கணக்கு. ஆண்டு முழுவதும் பெய்வது சராசரியாக 11 அங்குலத்துக்கும் குறைவு; அதில் பாதிக்கு மேல் இந்த மூன்றரை மாதத்துக்குள் வரவேண்டும். 2020 பருவத்தில் இரண்டு அங்குலம்கூடப் பெய்யவில்லை. அடுத்த ஆண்டோ அதே காலத்தில் 12 அங்குலத்தைத் தாண்டிக் கொட்டியது. இப்படிப்பட்ட வானத்தை நம்பிப் பிழைக்கும் உயிர்களுக்குக் காத்திருக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

தேனீக்களும் அப்படித்தான். இப்பாலைவனத்து நாட்டுத் தேனீக்களில் பெரும்பாலானவை கூட்டமாக வாழாதவை. ஒவ்வொரு பெண்ணும் தனியே மண்ணில் வளை தோண்டி, மகரந்த உருண்டையின்மேல் முட்டையிட்டு, வளையின் வாயை மூடிவிட்டுப் போய்விடும். முழு வளர்ச்சி பெற்ற புழு உள்ளே அசையாமல் கிடக்கும்; மழையின் ஈரம் எட்டிய பிறகே வெளிவரும் இனங்கள் உண்டு, மழை பொய்த்தால் மேலும் ஓராண்டு பொறுத்திருப்பவையும் உண்டு. ஒருநாள் காலையில், பென்சில் நுழையும் அளவேயுள்ள ஒரு துளையருகே குந்தி உட்கார்ந்திருந்தேன். பின்னங்கால்களில் மஞ்சள் மகரந்தம் அப்பியிருந்த தேனீ ஒன்று வந்து, என் நிழல் விழுந்ததால் வாசலைத் தொலைத்து அலைந்தது. நான் நகர்ந்த கணத்தில் நேரே இறங்கி உள்ளே போய்விட்டது.

அதனால்தான், தரை முழுவதும் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு மேலே ஜல்லி கொட்டி, இடையிடையே நான்கு பூச்செடிகளை நட்டுவிட்டு, அதை மகரந்தச் சேர்க்கையாளர்களுக்கான தோட்டம் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. தண்ணீர் மிச்சமாகிறது என்பது உண்மைதான். ஆனால் விருந்துக்கு அழைத்துவிட்டு வீட்டுக் கதவை அடைக்கிறோம்.

செடி வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. எருக்கின் உறவான, இலையே இல்லாததுபோல் குச்சி குச்சியாக நிற்கும் பாலைவனப் பால்செடியையும், கிரெக்ஸ் மிஸ்ட்ஃபிளவர் என்னும் நீலப்பூச் செடியையும் நானும் வாங்கித்தான் நட்டேன். முதலாவதில் ‘ராணி’ என்னும் இனத்து வண்ணத்துப்பூச்சி முட்டையிடுகிறது. இரண்டாவதை அந்த இனத்தின் ஆண்களே பெரிதும் மொய்க்கின்றன. பெண்ணைக் கவரும் மணத்தைத் தயாரிப்பதற்கான வேதிப்பொருள் அந்தப் பூவில் அவற்றுக்குக் கிடைக்கிறது.

தயக்கமின்றி நான் பிடுங்குவது ஒன்றை மட்டும்தான். தீவனத்துக்காகக் கொண்டுவரப்பட்ட கொழுக்கட்டைப்புல், காய்ந்ததும் தீயைப் பரப்பி, தீக்குப் பழகாத சாகுவாரோ கள்ளிகளைப் பொசுக்கிவிடுகிறது. மழை பெய்த மறுநாள் மண் இளகியிருக்கும்போது வேரோடு வந்துவிடும். மற்ற எந்த முளையையும் காய் வைக்கும் வரை தொடுவதில்லை என்று வைத்திருக்கிறேன். அந்தப் பொறுமையின் பயனாக வேலியோரம் இந்த ஆண்டு ஆரஞ்சாகக் கிடக்கிறது. அதன் நடுவே உண்மையான நெருஞ்சியும் இரண்டு இருந்ததைச் செருப்பில் ஏறிய முள்தான் காட்டிக்கொடுத்தது.