பாம்பனுக்கு அடியில் எண்ணெய் ஏரி இல்லை

"பாம்பன், மண்டபம் பவளப்பாறைக் குகைகளில் எண்ணெய் ஏரி இருக்கிறது, கிணற்று நீரில் மின்னும் வானவில் படலமே சாட்சி" என்று வாட்ஸ்ஆப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. அது தவறு.

சுண்ணாம்புப் பாறையில் எண்ணெய் தேங்குவதுண்டு. சீனாவின் தாரிம் படுகையில் உள்ள தாஹே வயல் அப்படிப்பட்டதுதான். 40 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய அந்தப் பாறையை ஒரு காலத்தில் மழைநீர் அரித்துக் குகைகளாக்கியது. பிறகு அது வண்டலுக்கு அடியில் 5,000 மீட்டருக்கும் கீழே புதைந்தது. பல குகைகள் இடிந்து கல்லும் மண்ணுமாய் நிரம்பின. வேறொரு பாறையில் உருவான எண்ணெய் அந்த இடுக்குகளுக்கு நகர்ந்து வந்தது. மேலே இறுகிய பாறை மூடியிருந்ததால் தங்கியது. ஏரி அங்கேயும் கிடையாது.

பாம்பன் பவளப்பாறை மிக இளையது, கரையில் திறந்தே கிடக்கிறது. எண்ணெயைப் பிடித்துவைக்க மூடி ஏது? ராமநாதபுரம் அருகே உள்ள வழுதூர் மின்நிலையத்துக்கு வரும் எரிவாயுகூட, காவிரிப் படுகையின் ஆழமான படிவப் பாறைகளிலிருந்து எடுக்கப்படுவது.

கிணற்றுப் படலத்தைக் குச்சியால் கிளறிப் பாருங்கள். சில்லுகளாக உடைந்து பிரிந்தே நின்றால், அது இரும்புச்சத்தில் வளரும் பாக்டீரியா. உடனே ஒன்றுசேர்ந்தால் எண்ணெய்தான். பம்புசெட்டில் டீசல் கசிகிறதா என்று முதலில் பாருங்கள், குடிநீர் கெட்டுவிடும்.

படுகை விவரங்கள் மத்திய அரசின் ஹைட்ரோகார்பன் (எண்ணெய், எரிவாயு) தலைமை இயக்குநரக இணையதளத்தில் உள்ளன. அந்த வாட்ஸ்ஆப் செய்தியை நம்பி யாரும் நிலத்துக்கு முன்பணம் கொடுத்துவிடக் கூடாது. தயவுசெய்து இனி அனுப்பாதீர்கள். அனுப்பிய குழுக்களில் இந்த விளக்கத்தைப் போடுங்கள்.