அப்பா உயிரோட இருக்கறது ஒரு குத்தமா?

கேன்சர் வந்த வீட்டுப் பிள்ளைங்களுக்குப் படிப்பு உதவித்தொகை கொடுக்குற மன்னார்குடிப் பக்கத்து டிரஸ்ட்கிட்ட, அப்பா வைத்தியத்துல இருக்கிற ஒரு பொண்ணு உதவி கேட்டா. அந்த ஆடியோவைப் பத்தி எழுத வேணாம்னுதான் இருந்தேன். எல்லாரும் கேட்டுட்டீங்க. "அப்பா இருக்காருல்லம்மா, இறந்தவங்க பிள்ளைங்களுக்குத்தான் முன்னுரிமை"ன்னு டிரஸ்ட்காரர் அவகிட்ட மரியாதையாத்தான் சொல்றார். குரல்ல ஒரு கோவம் கிடையாது. அதான் எனக்குத் தாங்கல. "அவர் சொன்னதுல என்ன தப்பு"ன்னு கேட்டுட்டு இருக்கீங்களே, உங்களுக்குத்தான் இந்தப் பதிவு.

கேன்சர் ஒரு வீட்டைக் கவுக்கறது சாவு விழுந்த அன்னைக்கு இல்ல. வைத்தியம் நடக்குற வருஷத்துல. செமஸ்டர் ஃபீஸ் கட்ட முடியாமப் போறதும் அந்த வருஷம்தான். அப்ப கைநீட்டுற பிள்ளைகிட்ட இறப்புச் சான்றிதழ் கேட்டா அதுக்குப் பேர் உதவித்தொகையா?

எங்க அப்பாவுக்கு வெத்தலை, சீவல், புகையிலை. தஞ்சாவூர்க்காரங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நாக்கு ஓரத்துல ஆறாத புண்ணு, சதை எடுத்து டெஸ்ட், அப்புறம் சென்னை. கரண்ட் வைக்கிறதுன்னா, அதான் கதிர்வீச்சு வைத்தியம், வாரத்துக்கு அஞ்சு நாள், ஆறேழு வாரம். அம்மாவுக்கு மெட்ராஸ்ல போர்டு படிச்சு பஸ் ஏறத் தெரியாது. தம்பி ஸ்கூல். அதனால நான் போனேன், டிகிரி ரெண்டாம் வருஷத்துல. அந்த வருஷம் நாத்து விடல. குத்தகை நிலம் கைமாறிடுச்சு. அம்மாவோட செயின் கூட்டுறவு பேங்குக்குப் போச்சு. இங்க காலேஜ்ல 75 சதவீத வருகை இல்லன்னு என்கிட்ட கண்டோனேஷன் ஃபீஸ், அதாவது வருகைக் குறைவைப் பொறுத்துக்கிறதுக்கான பணம், வாங்கினாங்க. அப்பாவைப் பார்த்துக்கிட்டதுக்கு அபராதம்! ரசீது கூட கொடுத்தாங்க.

அப்பவும் ஒரு பெரிய மனுஷர்கிட்ட விண்ணப்பம் எடுத்துட்டுப் போனோம். "தேறிடுவார்னு டாக்டர் சொல்றாராமே, அப்புறம் என்ன"ன்னார். அப்பா தேறிட்டார். இன்னைக்கும் இருக்கார், எச்சில் ஊறாததால சோத்துல ரசத்தைக் கொட்டிக் கரைச்சுத்தான் இறக்கணும், காரம் ஆகாது. அவர் பிழைச்சது எனக்குத் தகுதிக் குறைவு. பரவால்ல, அந்தத் தகுதி எனக்கு வேணவே வேணாம்.

"முதலமைச்சர் காப்பீட்டுல வருஷத்துக்கு 5 லட்சம் இருக்கே"ன்னு அடுத்து வருவீங்க. இருக்கு. நல்ல திட்டம், அது இல்லாட்டி டெல்டாவுல பாதிக் குடும்பம் நடுத்தெருவுலதான் நிக்கும். ஆனா அந்தப் பணம் ஆஸ்பத்திரிக்குப் போகும். லாட்ஜ் வாடகைக்குப் போகாது, இட்லிக்குப் போகாது, அம்மா விட்ட நடவுக் கூலிக்குப் போகாது, மகளோட ஹாஸ்டல் பாக்கிக்கும் போகாது. வைத்தியம் இலவசம்னா வியாதியும் இலவசம்னு நினைச்சுக்கிறோம்.

ரயில்வேக்கு இது எப்பவோ புரிஞ்சிருக்கு. வைத்தியத்துக்குப் போற கேன்சர் நோயாளிக்கு ஸ்லீப்பர்ல முழுச் சலுகை, கூடப் போறவருக்கு முக்கால்வாசி. சென்னை போற உழவன் எக்ஸ்பிரஸ்ல ஏறிப் பாருங்க, அந்த "கூடப் போறவர்" பல நேரம் காலேஜ் பையில துணி வச்சிருக்கிற பிள்ளையாத்தான் இருக்கும். அரசாங்கத்துக்கும் பாதி புரிஞ்சிருக்கு. அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளிப் பிள்ளைங்களோட சம்பாதிக்கிற அப்பாவோ அம்மாவோ விபத்துல இறந்தாலும், நிரந்தரமா முடங்கினாலும் 75,000 ரூபாய் உண்டு. உயிரோட இருந்தாலும் வீடு முடங்கும்னு அந்த விதியே ஒத்துக்குது. ஆனா லாரி மோதி முடங்கணும், கட்டி வந்து முடங்கக் கூடாது. இதுக்கு என்ன நியாயம்னு யாராவது சொல்லுங்க, கேட்டுக்கறேன்.

வைத்தியத்துல இருக்கிறவங்க பிள்ளைங்களுக்கும் கொடுத்தா போலிச் சான்றிதழ் வருமாம். பயாப்ஸி ரிப்போர்ட் இருக்கு, காப்பீட்டு அப்ரூவல் இருக்கு, ஆஸ்பத்திரி ஃபைல் தலகாணி மொத்தத்துக்கு இருக்கு. இதையெல்லாம் போலியா ஜோடிக்கிற அளவுக்குச் சாமர்த்தியம் உள்ளவன் உங்க பத்தாயிரம் ரூபா உதவித்தொகைக்கு ஏன் வரப்போறான்? "கிட்னிக்காரங்க வீட்டுப் பிள்ளைங்க?"ன்னா, அவங்களுக்கும் கேளுங்க, நானும் கூட வரேன்.

"அவங்க சொந்தக் காசு, அவங்க இஷ்டம்." சரிங்க. ஆனா அந்த டிரஸ்ட்டோட போன வருஷ விழாவைப் பார்த்தீங்கல்ல? ஃப்ளெக்ஸ்ல தலைவர் படம் ஆளுயரம். சால்வை, சந்தன மாலை. அப்பாவை இழந்த சின்னப் பையன் கையில மைக்கைக் கொடுத்து "அப்பாவைப் பத்தி ரெண்டு வார்த்தை பேசுப்பா"ன்னாங்க. அவன் அழுதான், கூட்டம் கைதட்டுச்சு. உயிரோட இருக்கிற அப்பனை வச்சு இந்த மாதிரி மேடை கட்ட முடியாதுல்ல. இப்படி எழுதறது வயித்தெரிச்சல்னு சொல்லுவீங்க. ஆமா, எரியுது.

மார்க் வேற 80 சதவீதம் கேக்கறாங்க. ஆஸ்பத்திரி வராந்தாவுல உக்காந்து படிச்சு 62 எடுத்த பிள்ளை உங்களுக்குச் சுமார் மாணவி. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தன்னோட தங்கச்சி கேன்சர்ல சாகறதைக் கூட இருந்து பார்த்தவங்க. அந்த வேதனைதான் 1954ல அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரி ஆச்சு. கூட இருந்து பார்க்கிறவங்களை நாம என்னைக்கு ஒரு ஆளா மதிச்சிருக்கோம்? எங்க வீட்லயே ஒரு சித்தப்பா, "பொம்பளப் புள்ளதானே, படிப்பை நிறுத்திட்டு அப்பனைப் பாக்கட்டும்"னார். அவரும் இந்தப் பதிவைப் படிப்பார். படிக்கட்டும்.

விதியில ஒரே ஒரு வரிதான் மாத்தணும்: வைத்தியத்துல இருக்கிறவங்க பிள்ளைங்களும் விண்ணப்பிக்கலாம். பணத்தை நேரா காலேஜுக்கே கட்டுங்க, மேடையே வேணாம். ஒரு வரி சேர்க்க எத்தனை கமிட்டி கூடணும்?

"இவ்வளவு பேசுறியே, அந்தப் பொண்ணுக்கு நீ என்ன கொடுத்த?"ன்னு ஒருத்தர் இன்பாக்ஸ்ல. கொடுத்தேன் சார். எவ்வளவுன்னு சொல்ல மாட்டேன். அவ அப்பா எப்படி இருக்கார்னு மட்டும் கேட்டேன், சான்றிதழ் கேக்கல.