கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் யாருக்கு?

"கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்தான் சார், பெட்ரோல் பங்க் பக்கமே போக வேண்டாம்." எலக்ட்ரிக் கார் ஷோரூமுக்குள் கால் வைத்தவர்கள் எல்லாரும் இதைக் கேட்டிருப்பீர்கள். அந்த ஒரு ரூபாய் பொய் இல்லை. ஆனால் அது சிலருக்கு மட்டும் கிடைக்கும் விலை. மற்றவர்கள் அதைப் போல மூன்று மடங்குக்கு மேல் கொடுக்கிறார்கள். யார் எவ்வளவு கொடுப்பார் என்பதைக் காரை விட, ராத்திரி அந்தக் கார் எங்கே நிற்கிறது என்பதுதான் முடிவு செய்கிறது. கார் வாங்க யோசிக்கும் நண்பர்களுக்காகவே இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் வீட்டுக் கணக்கு. நம் தமிழ்நாட்டில் கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வருவது. எரிக்கும் யூனிட்டுகளைப் படிப்படியாக, ஸ்லாப் ஸ்லாப்பாகப் பிரித்திருக்கிறார்கள்; ஸ்லாப் ஏற ஏற யூனிட் விலையும் ஏறும். 2024 ஜூலையில் வந்த கட்டணத்தை வைத்தே சொல்கிறேன். முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த 100க்கு இரண்டேகால் ரூபாய்க்குச் சற்று மேல். அப்புறம் நாலரைக்கு மேல், ஆறுக்கு மேல் என்று போய், 500ஐத் தாண்டினால் எட்டு, 600ஐத் தாண்டினால் ஒன்பது, 800க்கு மேல் பத்து, 1000க்கு மேல் பதினொன்று. அத்தனைக்கும் மேலே சில்லறை உண்டு.

பலர் செய்வது என்னவென்றால், மொத்த பில்லை மொத்த யூனிட்டால் வகுத்து "யூனிட் அஞ்சு ரூபாய் வருது" என்று கணக்கு முடித்துவிடுவது. அது காரின் செலவு ஆகாது. மிக்ஸியும் ஃபேனும் ஃப்ரிட்ஜும் ஏற்கெனவே கீழ் ஸ்லாப்களை எடுத்துக்கொண்டன. கார் கடைசியாக வந்து சேர்கிறது. அதனால் அது குடிக்கும் ஒவ்வொரு யூனிட்டும் உங்கள் வீட்டின் உச்ச ஸ்லாப்பில் போய் உட்காரும்.

ஒரு உதாரணம். மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓடும் நடுத்தர எலக்ட்ரிக் எஸ்யூவி, நெக்ஸான் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரியில் ஒரு யூனிட்டுக்கு ஏழு கிலோமீட்டர் போகும். ஆனால் சுவரில் இருந்து பேட்டரிக்குப் போகும் வழியிலேயே பத்து சதவீதத்துக்கு மேல் சூடாகப் போய்விடும், மீட்டர் அதையும் சேர்த்தே எண்ணும். ஆக இரண்டு மாதத்துக்குச் சுமார் 320 யூனிட்.

ஏற்கெனவே 400 யூனிட் எரிக்கும் வீட்டில் இந்த 320ஐச் சேர்த்தால், 1,200 ரூபாய் சுற்றி வந்த பில் 4,000 பக்கம் போகும். காருக்கு மட்டும் யூனிட் ஒன்பது ரூபாய் சுற்றி ஆகிறது. கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 1 ரூபாய் 45 காசு. ஏசி இல்லாத, 200 யூனிட்டில் நிற்கும் வீட்டுக்கு அதே காருக்கு யூனிட் ஆறு ரூபாய் சுற்றித்தான் விழும். ஷோரூம்காரர் சொல்லும் ஒரு ரூபாய் இந்த வீட்டில்தான் உண்மை. சித்திரை வெயிலில் இரண்டு ஏசி ஓடி ஏற்கெனவே 1000ஐத் தொட்ட வீட்டிலோ, காருக்குப் போகும் யூனிட் ஒவ்வொன்றும் பதினொன்றே முக்கால் ரூபாய்க்கு மேல். ஒரே தெருவில், ஒரே காருக்கு, கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வித்தியாசம்.

இதற்கு நடுவில் 500 யூனிட் எல்லையைக் கவனியுங்கள். 500 வரை எரித்தால் 101 முதல் 200 வரையான யூனிட்டுகளுக்குப் பாதி விலைச் சலுகை உண்டு. ஒரு யூனிட் தாண்டினாலும் அந்தச் சலுகை போய்விடும். அந்த ஒரு யூனிட்டுக்காக 200 ரூபாய்க்கு மேல் கூடும். ரீடிங் எடுக்க ஆள் வரும் தேதி தெரிந்து, 490இல் நிற்கும் வீட்டுக்காரர் அந்த வாரம் காரை அலுவலகத்திலேயே சார்ஜ் செய்துவிட்டு வருவது முழுக்க நியாயமான சிக்கனம்.

இனி பொது சார்ஜர். நெடுஞ்சாலை டிசி ஃபாஸ்ட் சார்ஜர்களில் வரி சேர்த்து யூனிட் 18 முதல் 25 ரூபாய் வரை பார்க்கிறோம். 22 என்று வைத்துக்கொள்வோம். ஒரு நியாயத்தைச் சொல்லியாக வேண்டும்: அங்கே பெரும்பாலும் கன் (காரில் செருகும் சார்ஜர் முனை) வழியாகக் காருக்குள் போகும் யூனிட்டுக்குத்தான் பில், வழியில் வீணாவது நிலையத்துக்காரர் தலையில். அப்படிப் பார்த்தாலும் ஊருக்குள் கிலோமீட்டருக்கு மூன்று ரூபாய்க்கு மேல். சென்னை–திருச்சி சாலையில் நூறு வேகத்தில் ஏசி போட்டுப் போனால் மூன்றே முக்கால் வரை போகும்.

பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டிய ஊரில், ஊருக்குள் லிட்டருக்குப் பதினான்கு பதினைந்து கொடுக்கும் அதே அளவு பெட்ரோல் காருக்குக் கிலோமீட்டருக்கு ஏழு ரூபாய் பக்கம் ஆகிறது. ஆகவே பொது சார்ஜரை மட்டும் நம்பினாலும் நஷ்டம் இல்லை. ஆனால் வீட்டில் பிளக் உள்ளவரை விட ஆண்டுக்கு 20,000 ரூபாய்க்கு மேல் கூடுதலாகக் கொடுப்பீர்கள். எலக்ட்ரிக் காருக்காக முன்பணமாகக் கொடுத்த கூடுதல் விலை திரும்பி வர அத்தனை காலம் நீளும். ஷோரூமில் இதை யாரும் தாளில் போட்டுக் காட்டுவதில்லை.

பொது நிலையம் நடத்துகிறவர்கள் கொள்ளை அடிக்கிறார்கள் என்று திட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. மெஷின் விலை, டிரான்ஸ்ஃபார்மர், கேபிள், இட வாடகை எல்லாம் போட்டபின் பகலில் பாதி நேரம் கார் வராமல் கிடக்கும் நிலையங்கள் எத்தனை! பொங்கல், தீபாவளிக்கு மட்டும் வரிசை நிற்கும். வருகிற கொஞ்சம் கார்களிடம்தான் மொத்தச் செலவையும் எடுக்க வேண்டும்.

எனக்குக் கோபம் வரும் இடம் வரி. வீட்டு மின்சாரத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. அதே மின்சாரம் பொது சார்ஜர் வழியாக வந்தால் அது சேவை ஆகிவிடுகிறது, 18 சதவீதம். 22 ரூபாயில் மூன்று ரூபாய்க்கு மேல் இந்த வரி மட்டும். எலக்ட்ரிக் காரை வாங்கும்போது 5 சதவீதம் என்று ஊக்கம் கொடுத்துவிட்டு, அதை ஓட்டத் தேவையான சார்ஜுக்கு 18 வாங்குவது என்ன நியாயம்? அதைக் கட்டுவது யார் என்று பாருங்கள். சொந்த வீடும் போர்ட்டிகோவும் உள்ளவர் கட்டுவதில்லை. வாடகை வீட்டில் தெருவோரம் காரை நிறுத்துகிறவர் கட்டுகிறார். கார் நிறுத்த இடமே இல்லாமல் அதையே பிழைப்பாக ஓட்டும் டாக்ஸி டிரைவர் தினம் தினம் கட்டுகிறார்.

அபார்ட்மென்ட் கதை தனி. பார்க்கிங் இருக்கும், பிளக் இருக்காது. பொது மீட்டரில் இருந்து எடுக்கலாம் என்றால் அதற்கே யூனிட் எட்டு ரூபாய் என்று 2022இல் வைத்தார்கள். பத்து வீட்டுக்கு மிகாத, லிஃப்ட் இல்லாத சின்னக் குடியிருப்புகளுக்குத்தான் அடுத்த ஆண்டு ஐந்தரையாகக் குறைத்தார்கள். அதற்கு முன்பாக அசோசியேஷன் கூட்டத்தில் "தீப்பிடித்தால் யார் பொறுப்பு" என்ற கேள்வியைக் கடக்க வேண்டும். பயத்தை நான் குறை சொல்லவில்லை. தனி பிரேக்கர், சரியான எர்த், காரின் லோடுக்கு ஏற்ற வயர் போட்டு, லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்துச் செய்தால் அந்தக் கேள்விக்குப் பதில் உண்டு. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்து ஜன்னல் வழியாகச் சார்ஜ் போடுவதை மட்டும் தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்று: 2024 பிப்ரவரியில் திருத்தப்பட்ட மத்திய மின் நுகர்வோர் உரிமை விதிகளில், கார் சார்ஜிங்குக்கு என்றே தனி மின் இணைப்பு கேட்கும் உரிமை இருக்கிறது. அசோசியேஷனிடம் பேசப் போகும்போது அந்த விதியின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

அரசிடம் கேட்க என்னிடம் ஒன்று இருக்கிறது. நம் கவனம் முழுவதும் நெடுஞ்சாலை ஃபாஸ்ட் சார்ஜர்கள் மீதே இருக்கிறது. அவை வெளியூர் போகும் நாளுக்கு வேண்டும், சரி. மற்ற நாட்களில் கார் எங்கே நிற்கிறது? சென்னை ஓஎம்ஆரிலும் கிண்டியிலும் கோவை அவிநாசி ரோட்டிலும் அலுவலகப் பார்க்கிங்கில், காலை ஒன்பதில் இருந்து மாலை வரை. 2024 செப்டம்பரில் வந்த மத்திய மின் அமைச்சக வழிகாட்டுதல், சார்ஜிங் நிலையங்களுக்குக் காலை 9 முதல் மாலை 4 வரை, சூரிய மின்சாரம் பொங்கும் நேரத்தில், ஒரு யூனிட்டை வழங்க மின் வாரியத்துக்கு ஆகும் சராசரி செலவில் 70 சதவீதத்துக்குக் கரண்ட் கொடுக்கச் சொல்கிறது. மற்ற நேரத்துக்கு 130 சதவீதம். கார் சும்மா நிற்கும் நேரமும் மலிவுக் கரண்ட் கிடைக்கும் நேரமும் ஒன்றாக இருக்கின்றன!

அங்கே லட்சக்கணக்கில் விலை வரும் ஃபாஸ்ட் சார்ஜர் எதற்கு? எட்டு மணி நேரம் நிற்கும் காருக்கு 15 ஆம்ப் பிளக்கும் ஒரு சின்ன மீட்டரும் போதும். மணிக்கு மூன்று யூனிட் வீதம் இருபது யூனிட்டுக்கு மேல் ஏறிவிடும், நகர ஓட்டத்துக்கு மூன்று நான்கு நாள் தாங்கும். ரயில்வே ஸ்டேஷன், மெட்ரோ பார்க்கிங், அரசு அலுவலக வளாகம், கல்லூரி எல்லாவற்றிலும் இதை வரிசையாகப் போடலாம். வாடகை வீட்டுக்காரருக்கும் பத்து ரூபாய் சுற்றி ஒரு யூனிட் கிடைக்க எனக்குத் தெரிந்து இதை விட எளிய வழி இல்லை.

சொந்த மாடி உள்ளவர்கள் சோலாரைத் தள்ளிப்போடாதீர்கள். மூன்று கிலோவாட் அமைப்புக்கு மத்திய அரசு 78,000 ரூபாய் மானியம் தருகிறது. நம் வெயிலுக்கு நாளுக்குப் பன்னிரண்டு யூனிட் சுற்றி வரும், காருக்கு வேண்டியது ஐந்தரை. மிச்சம் உங்கள் வீட்டைக் கீழ் ஸ்லாப்புக்கு இறக்கிவிடும்.

வாங்கப் போகிறவர்கள் ஷோரூமுக்குப் போகும் முன் கடைசி ஆறு கரண்ட் பில்லை எடுத்து வைத்து, வெயில் கால பில் எந்த ஸ்லாப்பில் முடிகிறது என்று பாருங்கள். அதன் மேல் 320 யூனிட் கூட்டிப் பில் போட்டுப் பாருங்கள். வீட்டில் பிளக்குக்கு வழியே இல்லை என்றால், யூனிட் 22 ரூபாய் என்று வைத்துக் கணக்கிட்டு, அதுவும் கட்டுப்படியாகிறது என்றால் தாராளமாக வாங்குங்கள்.