கரண்டிச் சத்தம்

தம்பி (போனில்): அக்கா, நீ சொன்னதில் ஒன்று விடாமல் செய்தேன். தேங்காய்ப்பாலில் வற்றவைக்கிற ரெண்டாங் கறி வரவில்லை, சட்டி நிறையக் குழம்புதான் நிற்கிறது.

அக்கா: அடுப்பில் வைத்து எவ்வளவு நேரம் ஆகிறது?

தம்பி: ஆயிற்றே, நாற்பது நிமிஷம்!

அக்கா: ஆட்டிறைச்சிடா. மூன்று மணி நேரமாவது ஆகும். சுமத்ராவில் மினாங்கபாவ்காரர்கள் இதற்கு மூன்று பெயர் வைத்திருக்கிறார்கள். தண்ணியாக இருந்தால் குலாய், பாதி வற்றினால் காலியோ, முழுக்க வற்றிக் கறுத்தால்தான் ரெண்டாங். நீ இன்னும் குலாயில் நீந்திக்கொண்டிருக்கிறாய்.

தம்பி: அப்படியென்றால் இன்றைக்குக் குலாய் என்றே சொல்லிப் பரிமாறிவிடவா?

அக்கா: கிண்டு. கரண்டிச் சத்தமே கேட்கவில்லை.

தம்பி: கிண்டுகிறேன், கிண்டுகிறேன்.

அக்கா: கெரிசிக் எப்படிச் செய்தாய்?

தம்பி: அது ஒன்றுதான் அக்கா மாற்றினேன். தேங்காயைத் துருவி, வறுத்து, உரலில் எண்ணெய் கசியும்வரை இடிக்க இந்தக் காலத்தில் யாருக்கு நேரம்? பாக்கெட் தேங்காய்த் தூளை அப்படியே கொட்டிவிட்டேன்.

அக்கா: வறுக்காமலா? வெள்ளையாகவா? கேக் மேல் தூவுகிற அதையா?

தம்பி: பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. பனி பெய்த மாதிரி.

அக்கா: மலேசியாவில், அதுவும் நம் கிள்ளானில் பனி. நல்லது. மஞ்சள் செடி இலை போட்டாயா?

தம்பி: அது ஒன்றுதான் கிடைக்கவில்லை. கறிவேப்பிலை போட்டேன், அதுவும் இலைதானே?

அக்கா: வாழையிலையும் இலைதான், அதையும் போட வேண்டியதுதானே. சந்தான், அதுதான் தேங்காய்ப்பால்?

தம்பி: அது ஒன்றுதான்... டாக்டர் கொழுப்பைக் குறைக்கச் சொன்னார். பாதி தேங்காய்ப்பால், பாதி தண்ணீர்.

அக்கா: தண்ணீரை நீயே ஊற்றிவிட்டு ஏன் தண்ணியாக இருக்கிறது என்று எனக்குப் போன் போடுகிறாயா? அந்தப் பால் வற்றி எண்ணெய் பிரிய வேண்டும்டா, அப்புறம் அந்த எண்ணெயிலேயே கறி வறுபடும், அதுதான் ரெண்டாங். எண்ணெய் எங்கிருந்து பிரியும், குழாய்த் தண்ணீரிலிருந்தா? கிண்டு!

தம்பி: நீ மட்டும் ஒழுங்காக அளவு சொன்னாயா? காய்ந்த மிளகாய் எத்தனை என்றால் மலாயில் அகாக் அகாக், குத்துமதிப்பாக என்று. செராய், அந்த எலுமிச்சைப்புல், எத்தனை என்றால் அகாக் அகாக். ஒரு அகாக்குக்கு எத்தனை கிராம்?

அக்கா: பக்கத்து வீட்டு மக்சிக் அத்தை எனக்கும் அப்படித்தான் சொன்னார். நான் அவர் அடுப்படியில் நின்று பார்த்தேன். நீ வாட்ஸாப்பில் படித்தாய்.

தம்பி: சரி, சோளமாவு கரைத்து ஊற்றினால் அஞ்சே நிமிஷத்தில் கெட்டியாகிவிடும். கறியைத் தனியாகப் பொரித்து மேலே வைத்தால் மொறுமொறு என்று...

அக்கா: மொறுமொறுவா! 2018-இல் பிரிட்டன் டிவி போட்டியில் ஒரு மலேசியப் பெண் வைத்த கோழி ரெண்டாங்கில் தோல் மொறுமொறுப்பாக இல்லை என்று நடுவர் குறை சொன்னாரே, அப்போதைய நம் பிரதமர் வரைக்கும் கேலி செய்தார்கள். இன்னொரு நடுவர் ட்விட்டரில் ரெண்டாங் இந்தோனேசியாவுடையதாக இருக்கலாம் என்று சண்டை மூட்டிவிட்டு, கடைசியில் நமஸ்தே என்று எழுதி முடித்தார். அவருக்கு அடுத்தபடி நீதான்.

தம்பி: அம்மா வைக்கும்போது இவ்வளவு பாடு இருந்த மாதிரியே தெரியவில்லையே.

அக்கா: உனக்கு எப்படித் தெரியும்? தீபாவளிக்கு முதல் நாள் நீ அடுப்படிக்கு நாலு தடவை வருவாய், நாலு தடவையும் "வெந்துவிட்டதா" என்று ஒரு துண்டை எடுத்துக்கொண்டு போவாய். அம்மா முழங்கையில் தைலம் தேய்த்துக்கொண்டு அடுத்த கையால் கிண்டுவார். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் மசாலாவில் என்னென்ன போட்டீர்கள் என்று கேட்டார்கள். எத்தனை மணி நேரம் நின்றீர்கள் என்று ஒருத்தர் கேட்டதில்லை.

(கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சட்டியின் அடியில் சர்ர்... சர்ர்...)

அக்கா: ஆங், இதுதான். அடி தொட்டு, ஒரே சீராக. எண்ணெய் பிரிகிறவரை இதே வேகத்தில் போ. கை வலிக்கிறதா?

தம்பி: இல்லவே இல்லை அக்கா. இன்னும் ரெண்டு மணி நேரம் ஆனாலும் தாங்கும்.

அக்கா: டேய்.

தம்பி: என்ன அக்கா?

அக்கா: கரண்டி போனுக்குப் பக்கத்தில் கேட்கிறது. உன் குரல் ஏன் கூடத்திலிருந்து வருகிறது? அங்கே யார் கிண்டுகிறது, உன் மனைவியா?

தம்பி: அது ஒன்றுதான் அக்கா மாற்றினேன்.