காமிக்ஸ் தொடர் வாங்கப் போகிறவர்களுக்கு

"கிராபிக் நாவல் படிக்க ஆரம்பிக்கணும், எதை வாங்கலாம்?" என்று யாராவது கேட்டால் உடனே பத்துப் பதினைந்து தலைப்புகள் வந்து விழும். எல்லாமே நல்ல தலைப்புகளாகத்தான் இருக்கும். அப்படியும் அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வாங்குகிறவர்களில் நிறையப் பேர் மூன்றாவது பாகத்தோடு நின்றுவிடுகிறார்கள். கதையில் குறை இல்லை. மொத்தம் எத்தனை பாகம், கதை முடிந்ததா, எந்தப் பதிப்பை வாங்க வேண்டும் என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. காமிக்ஸில் காசு வீணாவது பெரும்பாலும் இங்கேதான்.

முதலில் முடிவைப் பாருங்கள். மங்கா எனும் ஜப்பானிய காமிக்ஸில் இது ரொம்ப முக்கியம். டெத் நோட் 12 பாகம், ஃபுல்மெட்டல் அல்கெமிஸ்ட் 27, அட்டாக் ஆன் டைட்டன் 34. மூன்றும் முடிந்தவை. ஒன் பீஸ் 1997-ல் தொடங்கி நூறு பாகங்களைத் தாண்டியும் ஓடிக்கொண்டிருக்கிறது. வேகபாண்ட் 37 பாகங்களோடு 2015-ல் நின்றது, நானா 2009-ல் நின்றது. நின்றுபோன தொடரைத் தொடவே கூடாது என்று சொல்ல மாட்டேன். வேகபாண்டின் தூரிகை வேலைக்காக மட்டுமே அதை வாங்கலாம், அவ்வளவு அழகு. ஆனால் முடிவு கிடைக்காது என்பது தெரிந்து வாங்க வேண்டும். ஒரு பாகம் சராசரியாக 450 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் 27 பாகம் என்றால் 12,150 ரூபாய். மாதம் ஒரு புத்தகம் என்றால் இரண்டே கால் வருடம். இந்தக் கணக்கை முதல் பாகம் வாங்கும்போதே போட்டுவிடுங்கள்.

அதனால்தான் மங்காவுக்குப் புதியவர்களுக்கு நான் எப்போதும் புளூட்டோவைச் சொல்வேன். எட்டே பாகம், முடிந்த கதை, பெரியவர்களுக்கான துப்பறியும் கதை. நவோகி உரசாவாவின் அந்த நடை பிடித்துவிட்டால் அடுத்து மான்ஸ்டர். மூலத்தில் 18 பாகமாக வந்ததை ஆங்கிலத்தில் இரண்டிரண்டாகச் சேர்த்து ஒன்பது புத்தகங்களாகப் போட்டிருக்கிறார்கள். அலமாரியிலும் இடம் மிச்சம்.

ஆல்பம் என்று சொல்லப்படும் ஐரோப்பிய காமிக்ஸ் புத்தகங்களில் முடிவு என்பதன் கணக்கே வேறு. ஆஸ்டெரிக்ஸ், லக்கி லூக் போன்றவற்றில் ஒவ்வொரு ஆல்பமும் தனிக்கதை. எங்கேயும் தொடங்கலாம், எங்கேயும் நிறுத்தலாம். அங்கே பார்க்க வேண்டியது எழுதியவர் பெயரை. ஆஸ்டெரிக்ஸின் முதல் 24 ஆல்பங்கள் கோசினி எழுதியவை. 1977-ல் அவர் இறந்த பிறகு அதன் ஓவியர் உடெர்ஸோ தனியாக எழுதினார், 2013 முதல் வேறு ஆட்கள் செய்கிறார்கள். பணம் அளவாக இருந்தால் அந்த 24-க்குள்ளேயே நில்லுங்கள். லக்கி லூக்கும் அப்படித்தான், கோசினி எழுதிய காலமே அதன் உச்சம். லக்கி லூக்கை ஆங்கிலத்தில் போடும் சினிபுக் பதிப்பகத்தின் வரிசை எண்களைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அங்கே முதல் எண்ணில் வரும் பில்லி தி கிட், பிரெஞ்சு வரிசையில் 20-ஆவது. தனிக்கதை என்பதால் நஷ்டமில்லை. ஆனால் தோர்கல் போன்ற தொடர்கதையில் அதே பதிப்பாளர் எண்களை மாற்றி அடுக்கியிருப்பது இடறும். வாங்கும் முன் மூல வரிசையை ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.

இரத்தப் படலம் என்று தமிழில் நாம் கொண்டாடும் பதின்மூன்றாம் எண் நாயகனின் கதை (XIII) 1984-ல் தொடங்கியது. வான் ஹாம் எழுதிய முதல் சுற்று 19 ஆல்பங்களோடு 2007-ல் முடிகிறது. 2011 முதல் வருவது வேறு எழுத்தாளர், வேறு ஓவியரின் இரண்டாம் சுற்று. 19-ல் நிறுத்தினால் கதை முழுமையாகவே இருக்கும். மேலே போவது உங்கள் ஆசையைப் பொறுத்தது.

அமெரிக்க காமிக்ஸுக்கு வருவோம். "பேட்மேன் எங்கிருந்து தொடங்குவது?" என்று கேட்டால் பதில் கிடையாது. 1939 முதல் எத்தனையோ பேர் எழுதிய பாத்திரம் அது. பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு போனால் கரை தெரியாது, எழுத்தாளரையும் ஓவியரையும் பிடித்துக்கொண்டு போக வேண்டும். பேட்மேன்: இயர் ஒன் என்பது 1987-ல் நான்கே இதழ்களில் வந்த கதை. ஃபிராங்க் மில்லர் எழுத்து, டேவிட் மஸூக்கெல்லி ஓவியம். முன்கதை எதுவும் தெரியாமல் ஒரே மாலையில் படித்து முடிக்கலாம். சூப்பர் ஹீரோவே வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு புத்தகத்தோடு முடிகிற மௌஸும் பெர்செபோலிஸும் இருக்கின்றன. மௌஸ் 1992-ல் புலிட்சர் சிறப்புப் பரிசு பெற்றது. பெர்செபோலிஸை விடியல் பதிப்பகம் ஈரான் என்ற தலைப்பில் தமிழிலேயே கொண்டுவந்தது. எங்காவது பிரதி கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

நீளமான தொடரில் முதல் புத்தகத்தை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்லவும் வேண்டாம். சாண்ட்மேனின் 75 இதழ்களில் முதல் ஏழும் சாதாரணத் திகில் கதை போலவே போகும். எட்டாவது இதழில்தான் அது தன் குரலைக் கண்டுபிடிக்கிறது. தி வாக்கிங் டெட் முதல் ஆறு இதழ்களுக்குப் பிறகு ஓவியர் மாறி, கடைசி வரை சார்லி அட்லார்ட் கையிலேயே இருக்கிறது. முதல் புத்தகத்தின் கோடு பிடித்து மொத்தத்தையும் ஆர்டர் செய்தவருக்கு இரண்டாவது புத்தகத்தில் ஏமாற்றம்தான். முதல் புத்தகத்தோடு நடுவிலிருந்து ஒன்றையும் புரட்டிப் பார்த்த பிறகே முழு செட் பற்றி யோசிக்கலாம்.

இனி பதிப்பு. பலரும் அவசரப்படுகிற இடம் இது.

அமெரிக்கத் தொடரின் ஓர் இதழில் கதை 20 முதல் 22 பக்கம். ஐந்தாறு இதழ்களைச் சேர்த்தால் ஒரு பேப்பர்பேக் தொகுப்பு. அதையே இருபத்தைந்து, முப்பது இதழ்களாகச் சேர்த்து ஹார்ட்பவுண்டில் போட்டால் ஆம்னிபஸ். பேப்பர்பேக்கிலேயே செங்கல் கனத்துக்குப் போட்டால் காம்பென்டியம். தி வாக்கிங் டெட் 193 இதழ்களும் நான்கு காம்பென்டியத்தில் அடங்கிவிடும், ஒவ்வொன்றும் ஆயிரம் பக்கத்துக்கு மேல். பக்கக் கணக்கில் பார்த்தால் மலிவு அதுதான். ஆனால் பசையால் மட்டும் ஒட்டிய ஆயிரம் பக்கப் புத்தகம் நடுவில் தட்டையாக விரியாது. இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து வரைந்த பெரிய ஓவியத்தின் நடுப்பகுதி பைண்டிங்குக்குள் போய்விடும். விரித்து அழுத்தினால் முதுகில் வெடிப்பு விழும், அப்புறம் தாள் கழலும். வாக்கிங் டெட்டில் அந்த மாதிரி ஓவியங்கள் குறைவு என்பதால் காம்பென்டியம் தாங்கும். பெர்செர்க் போன்ற, இரட்டைப் பக்க ஓவியமே உயிரான தொடருக்கு மூன்று பாகம் சேர்த்துப் பெரிய அளவில் வரும் டீலக்ஸ் ஹார்ட்பவுண்ட்தான் நியாயம் செய்யும். தைத்த பைண்டிங், நன்றாக விரியும். கடையில் இருந்தால் புத்தகத்தின் மேல் விளிம்பை, முதுகை ஒட்டிய இடத்தில், மேலிருந்து பாருங்கள். தாள்கள் சிறுசிறு கற்றைகளாக மடிந்து தெரிந்தால் பெரும்பாலும் தையல், ஒரே நேர்வெட்டாக இருந்தால் பசை.

டெத் நோட் முழுவதும் ஒரே புத்தகமாக, சுமார் 2,400 பக்கத்தில் கிடைக்கிறது. அலமாரிக்கு அழகு, கைக்குத் தண்டனை. படிப்பதற்கு 12 பாகமோ, இரண்டிரண்டாகச் சேர்த்த ஆறு பிளாக் எடிஷன் புத்தகங்களோ போதும். ஜெஃப் ஸ்மித்தின் போன் 1,332 பக்கம், கருப்பு வெள்ளையில் ஒரே புத்தகமாகவும், வண்ணத்தில் ஒன்பது புத்தகமாகவும் இருக்கிறது. பத்து வயதுப் பிள்ளைக்கு வாங்குகிறீர்கள் என்றால் அந்த ஒன்பதில் முதலாவதை மட்டும் வாங்கிக் கொடுங்கள். பிடித்தால் இரண்டாவதை அவர்களே கேட்பார்கள்.

அளவும் விஷயம்தான். டிசி நிறுவனம் 2024-ல் தொடங்கிய காம்பாக்ட் வரிசை ஐந்தரைக்கு எட்டரை அங்குலம், விலை குறைவு. நல்ல முயற்சி, கல்லூரி மாணவர்களுக்கு வரப்பிரசாதம். ஆனால் பக்கத்துக்கு ஒன்பது கட்டம் வைத்து வரைந்த வாட்ச்மென் போன்ற புத்தகத்தை அந்த அளவுக்குச் சுருக்கினால் வசன பலூன் எழுத்து பொடியாகிவிடும். நாற்பது வயதைத் தாண்டியவர்கள் வழக்கமான அளவையே வாங்குங்கள். ஐரோப்பிய ஆல்பத்துக்கு இது இன்னும் பொருந்தும். பெரிய தாளில் பத்துப் பன்னிரண்டு கட்டம் நிரப்பி வரைகிறவர்கள் அவர்கள். 48 பக்கம்தானே என்று விலையைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 200 பக்க மங்காவுக்கு ஆகும் நேரம்தான் அந்த 48 பக்கத்துக்கும் ஆகும். பக்க எண்ணிக்கையை வகுத்து விலை பார்ப்பது காமிக்ஸுக்கு ஒத்துவராது.

வண்ணத்தையும் கவனியுங்கள். 1988-ல் வந்த தி கில்லிங் ஜோக்குக்கு ஜான் ஹிக்கின்ஸ் போட்ட வண்ணம் ஒன்று. 2008 பதிப்புக்காக ஓவியர் பிரையன் போலண்டே புதிதாகப் போட்ட வண்ணம் இன்னொன்று. இரண்டும் அருகருகே வைத்தால் வெவ்வேறு புத்தகம் போல் இருக்கும். எனக்கு ஹிக்கின்ஸின் வண்ணமே பிடிக்கும், ஆனால் இன்று கடையில் எளிதாகக் கிடைப்பது மற்றது. அகிராவிலும் இப்படி ஒரு சிக்கல். ஆங்கிலப் பேப்பர்பேக் ஆறு பாகமும் இடமிருந்து வலமாகப் படிக்கும்படி ஓவியத்தையே கண்ணாடி பிம்பமாகத் திருப்பி அச்சிட்டவை. 35-ஆம் ஆண்டுப் பெட்டித் தொகுப்பு ஜப்பானிய முறையில் வலமிருந்து இடம். நடுவில் மாற்றிக்கொண்டால் தலை சுற்றும்.

கருப்பு வெள்ளை என்றாலே மட்டம் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். டெக்ஸ் வில்லர் 1948 முதல் கருப்பு வெள்ளைக்காக வரையப்படும் தொடர். அதன் நிழலும் வெளிச்சமும் மையிலேயே முடிந்துவிட்டவை. மங்காவும் அப்படித்தான்.

மங்கா வாங்குகிறவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது போலிப் பிரதி. முழு செட் நம்ப முடியாத விலைக்குக் கிடைத்தால் சந்தேகப்படுங்கள். மங்காவை ஆங்கிலத்தில் வெளியிடும் விஸ் மீடியா போன்றவர்களின் அசல் பதிப்பில் தாள் சற்றே சொரசொரப்பாக, பழுப்பு கலந்த வெள்ளையாக இருக்கும். போலியில் பளீர் வெள்ளை ஜெராக்ஸ் தாள். சாம்பல் நிழலுக்காகப் போடும் புள்ளிகள் அசலில் தனித்தனியாகத் தெரியும். ஸ்கேன் செய்து அடித்ததில் அவை கலங்கி அலை அலையாகத் தெரியும். ஓரம் சரியாக வெட்டாமல் பலூனின் முதல் எழுத்து போயிருக்கும். பாகங்களை வரிசையாக அடுக்கினால் முதுகில் உள்ள எண்கள் ஒரே மட்டத்தில் நிற்காது. சில பக்கங்களே இல்லாமலும் வரும், அதைக் கண்டுபிடிப்பது கதையின் உச்சக்கட்டத்தில்தான். ஆன்லைனில் வாங்கினால் விற்பவரின் பெயரைப் பாருங்கள், உள் பக்கத்தின் புகைப்படம் கேளுங்கள். தரத் தயங்கினால் விட்டுவிடுங்கள்.

காசு போடும் முன் ருசி பார்க்கவும் வழி இருக்கிறது. ஜப்பானியப் பதிப்பாளர் ஷூயிஷாவின் மங்கா பிளஸ் செயலியில் பல தொடர்களின் முதல் மூன்று அத்தியாயங்கள் இலவசம். படிக்கும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள். பேச்சே இல்லாத பக்கத்தில் என்ன நடக்கிறது என்று உங்களுக்குப் புரிகிறதா? புரிந்தால் அந்த ஓவியரோடு முப்பது பாகம் போகலாம். சண்டைக் காட்சியில் யார் யாரை அடித்தார் என்றே தெரியாமல் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டியிருந்தால், எவ்வளவு புகழ் பெற்ற தொடராக இருந்தாலும் வேண்டாம்.

பிள்ளைகளுக்கு வாங்கும்போது பின்னட்டையைத் திருப்புங்கள். விஸ் புத்தகங்களில் ஏ என்றால் எல்லோருக்கும், டி என்றால் பதின்வயதினருக்கு, டி பிளஸ் அதற்கும் மேலே, எம் என்றால் பெரியவர்களுக்கு மட்டும். டிசியின் பிளாக் லேபிள் என்ற வரிசை 17 வயதுக்கு மேல். படம் போட்ட புத்தகம்தானே என்று பெர்செர்க்கைப் பிள்ளை கையில் கொடுத்துவிடாதீர்கள்.

இன்னொரு பொறி, நடுப்பாகம். முதல் பாகம் எங்கும் கிடைக்கும், ஏழாவதும் பதினொன்றாவதும் மறுபதிப்புக்குக் காத்திருக்கும். தொடங்கும் முன் நடுவில் இரண்டு, கடைசியில் ஒன்று இருப்பில் உள்ளதா என்று தேடிப் பாருங்கள். இல்லையென்றால் ஆறு மாதம் பொறுங்கள், அதுவரை வேறு தொடரைத் தொடங்கலாம். கிடைக்காத ஒரு பாகத்துக்கு மூன்று மடங்கு விலை கொடுக்கும் நிலைக்கு ஆளாகாதீர்கள்.

தமிழில் நிலைமை தலைகீழ். 1972-ல் முத்து காமிக்ஸ், 1984-ல் லயனும் ராணியும் என்று வந்த மரபில் இன்று லயன்-முத்து ஆண்டுச் சந்தாவை நம்பி அளவாக அச்சிடுகிறது. இங்கே காத்திருந்தால் விற்றுத் தீர்ந்துவிடும். டெக்ஸ், தோர்கல், லார்கோ என்று உங்களுக்குப் பிடித்த வரிசை எது என்று தெரிந்தால் சந்தா கட்டுவதே சரி. புதியவர் என்றால் சென்னைப் புத்தகக் காட்சி அரங்கில் நின்று நாலு புரட்டிவிட்டு முடிவெடுங்கள். பழைய பிரதிகளுக்கு ஆயிரக்கணக்கில் கேட்கிறவர்களிடம் போகும் முன், அதே கதை வண்ணத்தில் மறுபதிப்பு வந்திருக்கிறதா என்று பாருங்கள். நிறைய வந்திருக்கிறது. சாணித்தாள் பிரதி சேகரிப்பவருக்கு. படிப்பவருக்கு மறுபதிப்பு போதும்.

பார்சல் வந்ததும் பிரிப்பதை வீடியோ எடுங்கள், கனமான ஆம்னிபஸின் மூலைகள் நசுங்கி வருவது சகஜம். மாற்றிக் கேட்கும் கெடு முடிவதற்குள் பக்கம் பக்கமாகப் புரட்டிவிடுங்கள். கற்றை மாறி, தலைகீழாக ஒட்டி வருவதும் உண்டு. தடிமனான புத்தகத்தை எடுத்த எடுப்பில் நடுவில் விரிக்காதீர்கள். மேசையில் முதுகு படும்படி நிறுத்தி, முன்னட்டைப் பக்கம் ஒரு பத்துத் தாள், பின்னட்டைப் பக்கம் ஒரு பத்துத் தாள் என்று மாறி மாறி மெல்ல அழுத்திக்கொண்டே நடுவுக்கு வாருங்கள். இருபது நிமிட வேலை, பைண்டிங் பல வருடம் தாங்கும். மழைக்காலத்தில் வெளிச்சுவரை ஒட்டிய அலமாரி வேண்டாம். ஆயிரம் பக்கத்துப் புத்தகங்களைப் படுக்க வையுங்கள், ஒன்றின்மேல் ஒன்றாக மூன்றுக்கு மேல் அடுக்க வேண்டாம்.